கொங்கணக் கரையோரம் கூலி தேடி

மும்பையில் வாழும் நம்மவர்க்குக் கொங்கணக் கடற்கரை புதியதன்று. கோடை விடுமுறையில் பிள்ளைகுட்டிகளுடன் அலிபாகிற்கோ முருடிற்கோ சென்று, கடலில் குளித்து, ஜஞ்சீராக் கோட்டையைத் தோணியிலிருந்து பார்த்துத் திரும்பாத குடும்பம் நம்மிடையே அநேகமாக இராது. ஆகையால் கோட்டைகளையும் கோயில்களையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதே கரையோரமாக, பார்ப்பதற்கு அன்றிப் பிழைப்பதற்கு வழி உண்டா என்று அறிவதற்காக, நாங்கள் இருவர் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்ற பிரயாணத்தைப் பற்றியே எழுதுகிறோம்.

இருவர் என்பது, ரயில்வேயில் சரக்குப் பிரிவில் குமாஸ்தாவாக உள்ள இதை எழுதுபவரும், அவர் மனைவியின் தம்பியும். தம்பிக்கு வயது இருபத்தாறு. தாராவியில் தோல்பை செய்யும் பட்டறை ஒன்றில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவர். பட்டறை மூடப்பட்டு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. இடையில் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டு கொடுக்கும் வேலையும், இரவுக் காவல் வேலையும் கிடைத்தன, இரண்டும் நிலைக்கவில்லை. கல்யாணில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். நாளடைவில் தம் அக்காள் கையால் இரண்டாம் முறை சோறு வாங்குவதை நிறுத்திக்கொண்டார். "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்பார். ஊருக்கே திரும்பிவிடப் போவதாகவும் சொல்லத் தொடங்கினார். தென்காசிப் பக்கத்தில் அவருக்கு நிலமும் இல்லை. வயதான தாயாரைத் தவிர வேறு மனிதரும் இல்லை. அந்த அம்மாளுக்கு மாதந்தோறும் அனுப்பி வந்த பணம் நின்றுபோனதுதான் அவரை மிகவும் அரித்தது.

அந்நிலையில், கொங்கணத்தில் மாம்பழப் பருவத்தில் ஆள் கிடைப்பதில்லை என்று அலுவலகத்து மராட்டிய நண்பர் ஒருவர் சொன்னார். எட்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.

ரயில்வேக்காரர் இலவசப் பாஸை வீட்டில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. ரோஹாவிலிருந்து மங்களூருக்கு அருகிலுள்ள தோக்கூர் வரை 741 கிலோமீட்டர் நீளமுள்ள கொங்கண் ரயில்வே, 1998 ஜனவரி 26 அன்று முழுமையாகத் திறந்துவைக்கப்பட்டது. மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளைப் பாலத்தால் தாண்டியும் செல்லும் அப்பாதை, பெயருக்குத்தான் கடற்கரைப் பாதை. மீன்பிடி துறைகளும் தோப்புகளும் பல இடங்களில் நிலையத்திலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கழிமுகங்களுக்கு அப்பால் இருக்கின்றன. வேலை தேடுபவன் ஒவ்வொரு துறையிலும் இறங்கிக் கேட்க வேண்டுமானால் கரைச்சாலையே வழி. விடுதிக்குக் கொடுக்கப் பணம் இல்லாமையால் ஒரு தார்ப்பாய், நான்கு கழிகள், இரண்டு பாய்கள், சிறிய காஸ் அடுப்பு, ஒரு பானை, அரிசி, பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஆகியவற்றை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டோம்.

ஏப்ரல் 20, சனிக்கிழமை காலை, மும்பைத் துறைமுகத்தின் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகேறினோம். 2020 மார்ச்சில் தொடங்கிய இந்தப் படகு கார்களையும் ஏற்றிச் செல்லக்கூடியது. பன்வேல் வழியாகச் சாலையில் அரை நாளைத் தின்னும் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. உடன் வந்தவர்கள் யாவரும் ஞாயிறைக் கழிக்கச் செல்லும் கனவான்கள். எங்கள் பானையைக் கண்ட ஒரு குழந்தை, "நீங்களும் பிக்னிக்கா?" என்று கேட்டது. ஆமாம் என்று தம்பி சொன்னார்.

அலிபாகைச் சுற்றிச் சாலையோரமெங்கும் வெள்ளை வெங்காயத்தைச் சடைசடையாகப் பின்னித் தொங்கவிட்டுப் பெண்கள் விற்றுக்கொண்டிருந்தனர். இவ்வெங்காயம் 2022-ல் புவிசார் குறியீடு பெற்றது, சற்றே இனிப்பது. பின்னுவதும் விற்பதும் குடும்பத்துப் பெண்களின் வேலையாதலால் அதில் எங்களுக்கு இடமில்லை. நாகாவ் முதல் ரேவ்தண்டா வரை பணக்காரர்களின் கோடை வீடுகள் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நிறைந்துள்ளன. அவற்றுள் ஒன்பது வீடுகளின் வாயிலில் கேட்டோம். ஒன்பதிலும் ஏறக்குறைய ஒரே பதில்: தம்பதியாக வந்தால் எடுத்துக்கொள்வோம், புருஷன் தோட்டத்தைப் பார்க்க, மனைவி சமைக்க.

"இதற்காகவாவது ஒரு பெண்ணைப் பாருங்கள், அத்தான்" என்றார் தம்பி. ஐந்து மாதங்களுக்குப் பிறகு அவர் செய்த முதல் பரிகாசம் அது.

அன்றிரவு காசித்தில், சவுக்குத் தோப்பில் தார்ப்பாயைக் கட்டினோம். கட்டி முடிப்பதற்குள் ஒரு பெரியவர் வந்து, மணலில் படுக்க வேண்டாம் என்று தடுத்து, தம் பலகாரக் கடையின் பின்முற்றத்தைக் காட்டினார். காசு வாங்கவில்லை. காலையில் இரண்டு தேநீர் எங்களிடம் குடித்தால் போதும் என்றார். மே 7-ஆம் தேதி அப்பகுதியில் பாராளுமன்றத் தேர்தல் நடக்கவிருந்தது. மறுநாள் முருடுக்கு அருகில் பறக்கும் படையினர் எங்களை நிறுத்தி, பணம் கடத்துகிறோமா என்று மூட்டையை அவிழ்த்தனர். பருப்புப்பொடி டப்பா அவர்களுக்குப் பெருத்த சந்தேகத்தை உண்டாக்கிற்று. அதிகாரி முகர்ந்து பார்த்தார், நான்கு தும்மல்கள் தும்மினார், போகச் சொன்னார்.

அகர்தண்டாவில் தட்டைப் படகில் ஏறித் திகியில் இறங்கினோம். இத்தகைய படகுகள் இவ்வழியில் நான்கு உண்டு. நதி கடலில் கலக்கும் ஒவ்வொரு கழிமுகத்திலும் சாலை நீர் விளிம்பில் நின்றுவிடும். படகு வந்து மணி அடிக்கும். லாரியும் மாடும் மணமக்கள் கூட்டமும் ஒன்றாக ஏறும். பாலங்கள் கட்டும் திட்டம் உள்ளது. அதுவரை இந்தப் படகுத்துறைகளே வேலை தேடுபவனுக்குச் செய்திப் பத்திரிகை எனலாம். எங்கே ஆள் வேண்டும், எங்கே கூலியைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், எந்தத் தோப்பில் சாப்பாடு நன்றாயிருக்கும் என்பதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். திவேஆகரிலும் ஸ்ரீவர்த்தனிலும் பாக்குத் தோட்டங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியானவை. ஆனால் ஒரு மரத்திலிருந்து இறங்காமலே அடுத்த மரத்துக்குத் தாவும் ஆட்களுக்கே அங்கு வேலை. தம்பி அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

சாவித்திரி நதியின் முகத்தைப் பாக்மண்டலாவில் கடந்து வேஷ்வியில் இறங்கி, வேளாஸ் என்னும் சிற்றூரில் மூன்றாம் இரவு தங்கினோம். பங்குனி ஆமைகள் முட்டையிடும் கடற்கரை அது. 2002 முதல் ஊரார் சிப்ளூணைச் சேர்ந்த தொண்டர்களுடன் சேர்ந்து முட்டைகளை வேலி கட்டிக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். அதைக் காண வரும் விருந்தினரால் வீடுகளுக்கு வருமானமும் உண்டு. விளக்கொளி ஆமைக்குஞ்சுகளைத் திசை தப்பச் செய்யும் என்று கேட்டதால், கரையிலிருந்து விலகி, ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிப் படுத்தோம்.

அவ்வூரில் எங்களை உறுத்திய காட்சி வேறொன்று. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. இடிந்த வீடுகளல்ல; செம்பூராங்கல்லால் கட்டி, ஓடு மாற்றி, வர்ணம் பூசிய நல்ல வீடுகள். திண்ணைக்குரிய மூதாட்டி விளக்கினார். மூத்த மகன் விராரில், இளையவன் டோம்பிவிலியில், மகள் தாணேயில். கணபதி பண்டிகைக்கு எல்லாரும் வருவார்கள், பத்து நாட்கள் ஊர் நிறைந்திருக்கும், பிறகு பூட்டு. நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னபோது அந்த அம்மாள் நெடுநேரம் சிரித்தார்.

"எங்கள் பிள்ளைகள் வேலைக்காக இங்கிருந்து மும்பைக்குப் போனார்கள். நீங்கள் மும்பையிலிருந்து வேலைக்காக இங்கே வந்தீர்களா?"

மும்பைக்கு உழைக்கச் சென்றவர்களைக் கொங்கணத்தார் 'சாகர்மானி' என்பர். பல தலைமுறைகளாக நகரத்துப் பஞ்சாலைகளை ஓட்டிய கைகளில் பெரும் பகுதி இம்மாவட்டங்களிலிருந்து வந்தவை. அங்கிருந்து வந்த மணியார்டரில்தான் இங்கே அடுப்பெரிந்தது. 1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தின் பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. ஆயினும் பிள்ளைகள் ஊர் திரும்பவில்லை. நம் நெல்லைச் சீமையிலும் பூட்டிய வீடுகள் உண்டு. அங்கே செங்கல் சூளையிலும் வயலிலும் இன்று வடநாட்டவர் வேலை செய்கின்றனர். அவர்களுடைய ஊரில் யார் வேலை செய்கிறார்களோ, தெரியவில்லை.

நிற்க. ஏப்ரல் 23, சித்திரா பௌர்ணமி. அன்று மாலை ஹர்ணையை அடைந்தோம். இக்கரையின் பெரிய மீன் துறைகளுள் ஒன்று அது. படகுகள் கரைக்கு வருவதில்லை. தூரத்தே நங்கூரமிட்டு நிற்கின்றன. பௌர்ணமியாதலால் மாலையில் கடல் வெகுதூரம் வற்றியிருந்தது. ஈர மணலில் மாட்டு வண்டிகள் வரிசையாகக் கடலுக்குள்ளேயே இறங்கிச் செல்ல, அலை காளைகளின் வயிற்றைத் தொட, மீன்கூடைகளை ஏற்றிக்கொண்டு திரும்பின. மணல்மேடெங்கும் ஏலம். கூவுகிறவரைச் சுற்றிப் பெண்கள் வளையமாக நிற்க, விரல் அசைவில் விலை ஏறிற்று. இறாலும் வாவலும் வஞ்சிரமும் குவியல் குவியலாய்க் கிடந்தன. வாங்குவதில் பெரும்பாலோர் கோளிப் பெண்கள். பத்து ஆண்கள் சேர்ந்து செய்யும் கணக்கை அவர்களில் ஒருத்தி மனத்திலேயே செய்துவிடுகிறாள். சரக்குக் கணக்கில் பதினொரு ஆண்டுகளைக் கழித்தவர் வாயைப் பிளந்து நின்றார்.

அங்கே தம்பி ஒரு பனிக்கட்டி வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்து, கூடை தூக்க இறங்கிவிட்டார். இரண்டரை மணி நேரம். முழங்கால் வரை நீர், தோளில் வழியும் மீன் நீர். முடிவில் ரூ. 200-உம் இலையில் சுற்றிய இரண்டு பெரிய அயிலையும் கொண்டுவந்தார். மீனைக் கழுவி, மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவிச் சுட்டோம். அன்று தம்பி மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார், எவரும் சொல்லவில்லை.

ஆனால் ஹர்ணையில் நிலையான வேலை கிடைக்கவில்லை. படகுச் சொந்தக்காரர் ஒருவர் பொறுமையாகவே எடுத்துரைத்தார். மழைக்காலத் தடை ஜூன் 1-ல் தொடங்கிவிடும்; படகுகள் கரையேறும். மறுபடி ஆகஸ்டில் கடலுக்குப் போகும்போதுதான் ஆள் சேர்ப்பு. முன்பணம் கொடுத்து, ஒரே ஊர்க் கூட்டமாகப் பேசி எடுப்பார்கள். "நீங்கள் எத்தனை பேர்?" என்றார். ஒருவர் என்றோம். "ஒருவனை வைத்து என்ன செய்வது? அவன் போய்விட்டால் யாரைக் கேட்பது?" இக்கேள்வியை அதன் பின் வழிநெடுகக் கேட்டோம். கூலிக்குப் போகிறவனுக்குக் கைவலுவைப் போலவே கூட்டமும் ஒரு முதல் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டோம்.

நள்ளிரவில் ஏற்றம் வந்தது. மாலையில் அரைக் கல் தொலைவுக்கு ஓடியிருந்த கடல், தார்ப்பாய்க்கு இருபதடி தூரத்தில் நின்று உறுமிற்று. மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறி, நிலவில் சுவர்ணதுர்க்கக் கோட்டையைப் பார்த்தபடி விடியும் வரை விழித்திருந்தோம். தம்பி தாயாரைப் பற்றிப் பேசினார். அவ்வளவு நேரம் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

அடுத்த இரண்டு நாட்களைச் சுருக்கிச் சொல்லலாம். தாபோளில் வாசிஷ்டி நதியைக் கடந்தோம். மறுகரையில், ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கட்டுமான வேலை செய்ததும், 2001-ல் நின்று, பின்னர் வேறு கைகளுக்கு மாறியதுமான மின் நிலையத்தின் புகைபோக்கிகளைக் கண்டோம். குஹாகரின் நீண்ட கரையில் ஓர் இரவு. தவ்சாளிலிருந்து ஜய்கட்டுக்கு மற்றொரு படகு. அங்குள்ள பெரிய தொழிற்சாலை வாயிலில், ஒப்பந்தக்காரர் கொடுக்கும் சீட்டு இன்றி உள்ளே பேசவும் முடியாது. ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர், சீட்டுக்கு முன்பணம் கேட்டார். வந்த வழியே திரும்பினோம்.

ரத்தினகிரியில், பர்மாவின் கடைசி அரசர் தீபா வாழ்ந்த மாளிகையைப் பார்த்தோம். 1885-ல் ஆங்கிலேயர் அவரைச் சிறைப்பிடித்து நாடு கடத்தினர். மறு ஆண்டு இவ்வூருக்குக் கொணர்ந்தனர். 1910-ல் இந்த மாளிகை கட்டி முடிந்தது. 1916-ல் இங்கேயே இறந்தார். முப்பது ஆண்டுகள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். "அவருக்கும் வேலை போய்விட்டது, அத்தான். ஆனால் வாடகை இல்லை" என்றார் தம்பி.

மிர்க்கர்வாடாத் துறைமுகத்தில் படகு வேலையாட்களில் கணிசமானோர் நேபாளத்தவர். கடலே இல்லாத நாட்டிலிருந்து வந்து கடலில் உழைக்கிறார்கள். ஒரு தேநீர்க் கடைக்காரர், நாங்கள் தமிழர் என்று அறிந்ததும் "சாப்பாடு", "நல்லா இருக்கா" என்ற இரு சொற்களைக் கூறி மகிழ்ந்தார். குமரி மாவட்டத்து மீனவர் ஆழ்கடலில் இப்பக்கம் வரை வருவதுண்டு. 2017 டிசம்பரில், ஒக்கிப் புயலில் திசை தப்பிய படகுகள், இக்கரையின் தெற்கேயுள்ள தேவ்கட் துறையில் 952 மீனவருடன் ஒதுங்கியதைச் செய்தித்தாளில் படித்தது நினைவுக்கு வந்தது. அக்கரையார் அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். துறைமுகத்திலும் விடை பழையதே: ஆகஸ்டில் வா, நான்கு பேராக வா.

விடுப்பில் இரண்டு நாட்களே மீதி. தெற்கே இருபது கிலோமீட்டரில் உள்ள பாவஸுக்குச் சென்றோம். அங்கிருந்து மாந்தோப்புகள் தொடங்குகின்றன. போர்ச்சுக்கீசியர் அபொன்சோ டி அல்புகர்க்கின் பெயரைத் தாங்கிய மாம்பழம், இம்மக்கள் வாயில் 'ஹாபுஸ்'. 2018-ல் அதுவும் புவிசார் குறியீடு பெற்றது. செம்பூராங்கல் பாறையில், மண் இருப்பதாகவே தெரியாத இடத்தில், அம்மரங்கள் வேரூன்றி நிற்கின்றன.

மூன்றாவது தோப்பில் ஒரு கிழவர் இருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். பரேலில் ஆலைத் தொழிலாளியாக இருந்து, வேலைநிறுத்தத்தில் எல்லாம் இழந்து ஊர் திரும்பியவர். திரும்பிய சிலருள் ஒருவர். பிள்ளைகள் மும்பையில். தோப்பில் இரு நேபாளத்து இளைஞர் மட்டும் இருந்தனர். மூன்றாமவன் ஊரில் யாரோ இறந்துவிட்டார் என்று முந்தின நாள் போய்விட்டானாம்.

"மரம் ஏறுவாயா?" என்று கேட்டார் கிழவர்.

"ஏறியதில்லை, ஐயா."

"முசுறு கடித்தால் தாங்குவாயா?"

"தாராவியில் மூட்டைப்பூச்சி கடித்திருக்கிறது."

கிழவர் சிரிக்கவில்லை. "என்ன வேலை பார்த்தாய்?" என்றார். தோல் வேலை என்றதும் சிறிது யோசித்து, கொட்டகைக்குள் அழைத்துச் சென்றார். வைக்கோலின் மேல் காலையில் பறித்த காய்கள் பரப்பப்பட்டிருந்தன. நுனியில் கத்தியும் வலைப்பையும் கட்டிய நீண்ட கழியால், சற்றே காம்பு விட்டு அறுக்கிறார்கள். காம்பு ஒடிந்தால் பால் வடிந்து தோலைக் கறுக்கச் செய்யும். கறை, தழும்பு, வெயில் பட்ட வடு ஆகியவற்றைக் கண்டு விலக்க வேண்டும். பின்பு பருமன் வாரியாகப் பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு நாலு டஜனா, ஆறு டஜனா என்பது பழத்தின் பருமனைப் பொறுத்தது. டஜன் குறைந்தால் விலை கூடும். ஒரு வகையில் மற்றொன்று கலந்துவிட்டால், வாஷிச் சந்தையில் முழுப் பெட்டியும் தாழ்ந்துபோகும்.

தம்பி உட்கார்ந்தார். ஒவ்வொரு காயையும் கையில் எடுத்து, கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பக்கத்தில் வைத்தார். ஏழு ஆண்டுகள் தோலைத் தடவித் தடவி, எந்த இடம் மெலிந்தது, எந்த இடத்தில் உண்ணி கடித்த வடு என்று கண்ட விரல். கிழவர் பேசாமல் நின்றார். பிறகு, தம்பி ஒதுக்கிய காய்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். காம்படியில் குண்டூசித் தலையளவு ஒரு கறுப்பு.

"மே முடிய இரு. நாளுக்கு ரூ. 500. இரண்டு வேளை சோறு. மீனும் உண்டு" என்றார்.

அன்றிரவு எங்கள் தார்ப்பாயைத் தோப்பிலேயே கட்டினோம். அதை அங்கேயே விட்டுவரச் சொன்னார் தம்பி. நேபாள இளைஞரின் குடிசை மூவருக்குப் போதாது என்றார்.

மோட்டார் சைக்கிளில் தனியே திரும்புவதில் பொருளில்லை. ரத்தினகிரி நிலையத்தில் பெட்ரோலை முழுவதும் வடித்து, சாக்கில் சுற்றிப் பார்சலில் போட்டோம். சீட்டு எழுதிய குமாஸ்தா நம்மைப் போன்றவரே. சாக்குக் கட்டு நன்றாயிருப்பதாகச் சொன்னார். வண்டி நிலையத்தை விட்டு வடக்கே சென்ற சிறிது நேரத்தில், ஆறரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கர்புடே சுரங்கத்துள் நுழைந்தது. எட்டு நாட்களில் கடற்கரையோரமாக நாங்கள் கடந்த தூரத்தை ரயில் ஒரே இரவில் கடந்து கல்யாணுக்கு அருகில் கொண்டுவந்து விட்டது.

மே மாதம் இருமுறை தாயாருக்குப் பணம் போயிற்று. ஜூன் முதல் வாரம், மழை தொடங்கிய மறுநாள், தம்பி வந்து சேர்ந்தார். கைகளில் மாம்பால் பட்ட புண்கள் ஆறிக் கறுத்திருந்தன. கிழவர் கொடுத்தனுப்பிய இரண்டு டஜன் பழங்களை அக்காளின் முன் வைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டார். மழைக்காலம் முழுவதும் ஒரு பை தைக்கும் பட்டறையில் அரை வேலை கிடைத்தது. 2025 மார்ச்சில் கிழவரே தொலைபேசியில் அழைத்தார். இம்முறை தாராவியிலிருந்து இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு மூவராகப் போனார்கள், ரயிலில்தான். தார்ப்பாய் தோப்பிலேயே பத்திரமாக மடித்து வைத்திருந்ததாம்.